கடிதப் பெட்டியின் சாவி யாரிடம்?

வீட்டின் முன் விறாந்தையில் நான்கு தையல் இயந்திரங்கள். இரண்டு பிள்ளைகளின் படிப்புச் செலவும் மூன்று தையற்காரிகளின் சம்பளமும் அந்த விறாந்தையிலிருந்துதான் கிடைக்கின்றன. கொழும்பிலுள்ள இரண்டு கடைகளும், வெளிநாட்டில் வசிக்கும் சில குடும்பங்களும் மின்னஞ்சல் மூலம் ஓடர் அனுப்புகிறார்கள். ஒரு நாள் காலையில் மின்னஞ்சல் பெட்டி திறக்கவில்லை.

"உம்மா, புது போனில திறக்க ஏலாம இருக்கு. பழைய நம்பர் ஒன்றுக்கு இரகசிய இலக்கம் அனுப்பியிருக்காம். அதைக் கேட்குது."

"எந்த நம்பர் மகள்?"

"மச்சான்ட நம்பர் உம்மா. அவர்தானே அந்த நாள் இதைத் திறந்து தந்தவர்."

ஐந்து வருடங்களுக்கு முன்னர் அந்தப் பெட்டியைத் திறந்து கொடுத்தவர் மருமகன். உதவி செய்யும் எண்ணத்தில் தன்னுடைய கைத்தொலைபேசி இலக்கத்தையே கொடுத்துத் திறந்தார். இப்போது அவர் கட்டாரில் தொழில் செய்கிறார். அந்த இலக்கம் செயலிழந்து ஒரு வருடமாகிவிட்டது. பெட்டிக்குள்ளே ஐந்து வருட ஓடர்கள், பணம் வந்ததற்கான பற்றுச்சீட்டுகள், வாடிக்கையாளர்களின் முகவரிகள், அவர்களது உடை அளவுகள் எல்லாம் கிடக்கின்றன. எழுதிக் கேட்பதற்கு ஒரு காரியாலயமும் இல்லை. இலவசமாகக் கிடைத்த பெட்டிக்கு யாரிடம் போய் முறையிடுவது?

சகோதரிகளே, இது கற்பனையாகச் சொன்ன காட்சிதான். ஆனாலும் உங்கள் வீட்டு வியாபாரத்தின் மின்னஞ்சல் யாருடைய பெயரில், யாருடைய தொலைபேசி இலக்கத்தில் திறக்கப்பட்டது என்று இன்றே ஒரு தடவை விசாரித்துப் பாருங்கள். பல வீடுகளில் அதற்கான விடை சற்றுக் கலக்கத்தையே தரும்.

இக்கட்டுரை இரண்டு விடயங்களைச் சொல்ல முனைகின்றது. வியாபாரத்தின் மின்னஞ்சல் முகவரி உங்களுக்கே சொந்தமாக இருக்க வேண்டும் என்பது முதலாவது. அந்த முகவரிக்கு வரும் கடிதங்களைப் பெற்று, வைத்து, அனுப்பும் கணினியையும் விரும்பினால் நீங்களே நடத்தலாம் என்பது இரண்டாவது. முதலாவது எல்லோருக்கும் அவசியம். இரண்டாவது சிலருக்கு மாத்திரமே பொருந்தும். உங்களுக்குப் பொருந்துமா என்பதை இறுதிவரை வாசித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

முதலில் பெயர்

மின்னஞ்சல் முகவரியில் @ என்ற அடையாளத்துக்குப் பின்னால் வரும் பகுதியை டொமைன் பெயர் என்கிறார்கள். இலவச முகவரிகளில் அந்த இடத்தில் இருப்பது வேறொரு நிறுவனத்தின் பெயர். நீங்கள் எத்தனை வருடம் அங்கே இருந்தாலும் வாடகைக் குடியிருப்பாளரே. அந்த நிறுவனம் கதவைப் பூட்டினால், உங்கள் விலாசமும் அதனோடு போய்விடும்.

வருடத்துக்கு ஒரு தொகை செலுத்தி உங்கள் கடைப் பெயரிலேயே ஒரு டொமைன் பெயரைப் பதிவு செய்து கொள்ளலாம். இலங்கைக்குரிய டொட் எல்.கே. என்ற முடிவு 1990 முதல் இருந்து வருகின்றது. எல்.கே. டொமைன் பதிவகம் அதனை நிர்வகிக்கின்றது. டொட் இலங்கை என்று தமிழிலேயே முடியும் பெயர்களும் உள்ளன. டொட் கொம் முதலான பொது முடிவுகளிலும் பதியலாம். அந்த டொட் கொம் என்ற ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு பெண் இருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. எலிசபெத் ஃபைன்லர் என்ற அம்மையார் 1972 முதல் 1989 வரை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையத்தில், அன்றைய கணினி வலையமைப்பின் தகவல் நிலையத்தை நடத்தினார். கொம், எடு, கவ் என்று பெயர்களை வகைப்படுத்தும் முறையை வகுத்தது அவரது குழுவே.

பெயரைப் பதியும்போது மூன்று விடயங்களில் கவனமாக இருங்கள். உரிமையாளர் என்ற இடத்தில் இணையத்தளம் செய்து தரும் தம்பியின் பெயரோ, நிறுவனத்தின் பெயரோ வரக் கூடாது. வியாபாரத்தின் உரிமையாளருடைய பெயரே வர வேண்டும். தொடர்புக்கு அதே டொமைனில் உள்ள முகவரியைக் கொடுக்காமல், வேறொரு முகவரியைக் கொடுங்கள். இல்லாவிட்டால், பெயர் காலாவதியாகும்போது அதைப் பற்றிய அறிவித்தலும் உங்களுக்கு வந்து சேராது. காலாவதியாகும் திகதியை வீட்டுக் கலண்டரிலும் குறித்துக் கொள்ளுங்கள்.

பெயர் உங்களுடையதானால், கடிதங்களை இன்று ஒரு நிறுவனத்திடமும் நாளை இன்னொரு நிறுவனத்திடமும் வைக்கலாம். பிறகு உங்கள் சொந்தக் கணினிக்கே கொண்டு வரலாம். வாடிக்கையாளரிடம் உள்ள முகவரி மாறவே மாறாது.

கடிதம் போகும் வழி

1971 ஆம் ஆண்டு அமெரிக்கப் பொறியியலாளர் ரே டொம்லின்சன் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு முதன்முதலாகக் கடிதம் அனுப்பினார். ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிப்பதற்கு @ அடையாளத்தைத் தெரிவு செய்தவரும் அவரே. 1982 இல் ஜோன் பொஸ்டல் என்பவர், கணினிகள் தம்மிடையே கடிதம் கைமாற்றும் விதிகளை எழுதி வெளியிட்டார். எஸ்.எம்.டீ.பீ. என்ற அந்த விதிகளின் அடிப்படையிலேயே இன்றும் உலகின் மின்னஞ்சல்கள் ஓடுகின்றன. விதிகள் யாவருக்கும் பொதுவானவை. ஆகவேதான் மிகப் பெரிய நிறுவனத்தின் கணினியும், உங்கள் கடையின் சிறிய கணினியும் ஒன்றுடன் ஒன்று பேச முடிகின்றது.

நீங்கள் ஒரு கடிதம் அனுப்பும்போது நடப்பது இதுதான். உங்கள் தொலைபேசி அதனை உங்கள் சேவையகத்திடம், அதாவது சேர்வரிடம் ஒப்படைக்கின்றது. இது உங்கள் ஊர்த் தபாற்கந்தோர் மாதிரி. சேர்வர் பெறுநரின் டொமைன் பெயரைப் பார்த்து, அந்தப் பெயருக்குரிய தபாற்கந்தோர் எது என்று டீ.என்.எஸ். எனும் உலகப் பொதுப் பதிவேட்டில் தேடுகின்றது. பிறகு அந்தக் கணினியின் 25 ஆம் இலக்க வாசலைத் தட்டிக் கடிதத்தைக் கொடுக்கின்றது. அங்கே அது பெறுநரின் பெட்டியில் போடப்படுகின்றது. பெறுநர் தன் தொலைபேசியைத் திறக்கும்போது அது எடுத்துக் காட்டப்படுகின்றது.

மறுபக்கத்துச் சேர்வர் பழுதடைந்திருந்தால் கடிதம் உடனே தொலைந்து விடாது. அனுப்பும் சேர்வர் அதனை வரிசையில் வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் முயற்சிக்கும். போஸ்ட்பிக்ஸ் என்ற மென்பொருள் வழமையாக 5 நாட்கள் வரை முயற்சித்த பின்னரே கடிதத்தைத் திருப்பி அனுப்புகின்றது. ஆதலால் உங்கள் சேர்வர் சில மணித்தியாலங்கள் நின்று போனாலும் பதற வேண்டியதில்லை.

இலவசமாகக் கிடைக்கும் கருவிகள்

இந்த வேலைகளைச் செய்யும் மென்பொருட்களுள் சிறந்தவை திறந்த மூல மென்பொருட்களாகவே கிடைக்கின்றன. திறந்த மூலம் என்றால், மென்பொருள் எழுதப்பட்ட வரிகளை யாரும் வாசிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். பலகாரத்தோடு அதன் செய்முறையையும் சேர்த்துத் தருவது போன்றது.

கடிதத்தைப் பெற்று அனுப்பும் வேலையைச் செய்வது போஸ்ட்பிக்ஸ். ஒல்லாந்து நாட்டவரான வீட்ஸ வெனமா ஐ.பி.எம். ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்தபோது எழுதி 1998 இல் வெளியிட்டது இது. அதற்கு முன்னர் பரவலாக ஓடிய சென்ட்மெயில் என்ற மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டைகள் அடிக்கடி கண்டுபிடிக்கப்பட்டு வந்தன. ஆகவே அவர் வேலையைப் பல சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதி உடைந்தாலும் மற்றவை தப்பும்படி அமைத்தார். பெட்டியில் கடிதத்தை வைத்திருந்து தொலைபேசிக்கு எடுத்துக் கொடுப்பது டவ்கொட். பின்லாந்தைச் சேர்ந்த டிமோ சிரைனன் 2002 இல் இதனை வெளியிட்டார். இணையப் பக்கத்தில் கடிதங்களை வாசிக்க உதவுவது ரவுண்ட்கியூப். குப்பைக் கடிதங்களை இனங்காண்பது ஸ்பாம்அசாசின்.

இவற்றை ஒவ்வொன்றாக நிறுவி இணைப்பது பழகியவருக்கே சில நாள் வேலை. ஆனால், எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடுக்கித் தரும் தொகுப்புகளும் உண்டு. மெயில்கவ், ஐரெட்மெயில், மெயில் இன் எ பொக்ஸ் ஆகியன அவற்றுள் சில. ஜொஷுவா டவ்பரர் என்பவர் 2013 இல் தொடங்கிய மெயில் இன் எ பொக்ஸ், கணினி நிபுணர் அல்லாதவரையும் மனதிற் கொண்டு செய்யப்பட்டது. ஆகவே அதனையே உதாரணமாக எடுத்துக் கொள்வோம்.

வீட்டுக் கணினியில் வைக்கலாமா?

"பழைய கொம்பியூட்டர் ஒன்று சும்மா கிடக்கிறதே, அதில் வைத்தால் என்ன?" என்று கேட்கத் தோன்றும். வேண்டாம். வீட்டு இணைய இணைப்பின் ஐ.பி. இலக்கம் பெரும்பாலும் மாறிக்கொண்டே இருக்கும். 25 ஆம் வாசலைப் பல இணைய நிறுவனங்கள் வீட்டு இணைப்புகளில் அடைத்து வைத்திருக்கின்றன. அத்துடன், வீட்டு இணைப்பிலிருந்து நேரடியாக வரும் கடிதத்தைப் பெரிய சேர்வர்கள் நம்புவதும் இல்லை. வைரஸ் புகுந்த வீட்டுக் கணினிகள் கோடிக்கணக்கில் குப்பைக் கடிதங்களை அனுப்பிய அனுபவம் அவற்றுக்கு உண்டு.

ஆகவே, இருபத்துநான்கு மணித்தியாலமும் மின்சாரமும் இணையமும் உள்ள ஒரு நிலையத்தில் சிறிய கணினிப் பங்கு ஒன்றை மாத வாடகைக்கு எடுப்பதே வழக்கம். சிறிய கடைக்குப் போதுமான அளவு, பொதுவாக மாதம் 5 முதல் 10 அமெரிக்க டொலர் வரையில் கிடைக்கின்றது. பணம் கட்டுமுன் அந்த நிறுவனத்திடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். 25 ஆம் வாசல் வழியாகக் கடிதம் வெளியே அனுப்ப அனுமதி உண்டா? ஐ.பி. இலக்கத்துக்கு எதிர்ப்புறப் பெயர்ப் பதிவு செய்து தருவீர்களா? இரண்டில் ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தாலும் வேறு நிறுவனத்தைத் தேடுங்கள்.

எதிர்ப்புறப் பதிவு என்பது என்ன? பெயரைச் சொன்னால் இலக்கம் தெரிவது வழமையான பதிவு. இலக்கத்தைச் சொன்னால் பெயர் தெரிவது எதிர்ப்புறப் பதிவு. வாசலில் வந்து நிற்பவர் சொல்லும் பெயரும் அவரது அடையாள அட்டையிலுள்ள பெயரும் ஒன்றா என்று பார்ப்பது போன்ற சோதனை இது.

படிப்படியாக

1. டொமைன் பெயர் பதிவான பின், வாடகைக் கணினியில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவுங்கள். மெயில் இன் எ பொக்ஸ் வழிகாட்டி எந்தப் பதிப்பைச் சொல்கிறதோ அதையே நிறுவ வேண்டும். வேறு வேலை எதற்கும் பயன்படாத புதிய கணினியாக அது இருக்க வேண்டும்.

2. அந்தக் கணினிக்கு "பொக்ஸ்" என்று தொடங்கி உங்கள் டொமைனில் முடியும் ஒரு பெயரை இடுங்கள். எதிர்ப்புறப் பதிவிலும் அதே பெயரை எழுதுங்கள்.

3. உங்கள் கணினியிலிருந்து வாடகைக் கணினிக்குள் நுழைந்து, வழிகாட்டியில் உள்ள ஒரு வரிக் கட்டளையைக் கொடுங்கள். முதல் மின்னஞ்சல் முகவரியையும் கணினியின் பெயரையும் அது கேட்கும். பிறகு தேவையான மென்பொருட்கள் தாமாகவே நிறுவப்படும்.

4. டொமைன் பெயரைப் பதிந்த இடத்தில், கடிதங்கள் இனி இந்தக் கணினிக்கு வர வேண்டும் என்ற பதிவுகளை எழுதுங்கள். எவற்றை எழுத வேண்டும் என்ற பட்டியல் உங்கள் சேர்வரின் நிர்வாகப் பக்கத்திலேயே இருக்கும். பிரதி செய்து போடுவதுதான் வேலை. மாற்றங்கள் உலகெங்கும் பரவச் சில மணித்தியாலங்கள் செல்லலாம்.

5. வழியில் யாரும் ஒட்டுக் கேட்காமலிருக்கச் சான்றிதழ் தேவை. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதனை இலவசமாகத் தருகின்றது. சேர்வர் அதனைக் காலத்துக்குக் காலம் தானாகவே புதுப்பித்துக் கொள்ளும்.

6. நிர்வாகப் பக்கத்தில் ஒரு பரிசோதனைப் பட்டியல் உண்டு. சரியானவை பச்சையிலும் பிழையானவை சிவப்பிலும் தெரியும். சிவப்பு ஒன்றும் இல்லாத வரைக்கும் வாடிக்கையாளருக்குப் புதிய முகவரியைக் கொடுக்க வேண்டாம்.

7. முகவரிகளை ஆட்களின் பெயரில் அல்லாமல் வேலையின் பெயரிலும் வையுங்கள். ஓடருக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று. ஒரு பிள்ளை வேலையை விட்டுப் போனாலும் ஓடர் முகவரி போகாது. புதிதாக வருபவருக்கு அதன் வழியைத் திருப்பி விட்டால் போதும்.

புதிய சேர்வரில் முதல் நாட்களில் ஒரு விடயம் உங்களைக் குழப்பக் கூடும். முதன்முறை எழுதுபவரின் கடிதம் சில நிமிடம் தாமதித்து வரலாம். இது பழுதல்ல. முன்பின் தெரியாத சேர்வரிடம் "சற்றுப் பொறுத்து வா" என்று சொல்லும் ஒரு தந்திரம் அது. ஒழுங்கான சேர்வர் திரும்பி வரும். குப்பை அனுப்பும் நிரல்களுள் பல திரும்பி வருவதில்லை.

நம்பிக்கையைச் சம்பாதிக்க வேண்டும்

1978 ஆம் ஆண்டு ஒரு கணினி நிறுவனத்தின் விற்பனை அலுவலர் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே நேரத்தில் விளம்பரக் கடிதம் ஒன்றை அனுப்பினார். முதற் குப்பைக் கடிதம் என்று அதையே சொல்கிறார்கள். அன்று தொடங்கிய தொல்லையின் காரணமாக, இன்று ஒவ்வொரு பெரிய சேர்வரும் வரும் கடிதத்தைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கின்றது. நீங்கள் நல்லவர் என்பதை நீங்களேதான் நிரூபிக்க வேண்டும். அதற்கு மூன்று பதிவுகள் உதவுகின்றன.

எஸ்.பீ.எஃப். என்பது, "எங்கள் பெயரில் கடிதம் கொண்டு வர அனுமதி பெற்ற கணினிகள் இவை" என்ற பகிரங்க அறிவித்தல். டீ.கே.ஐ.எம். என்பது, ஒவ்வொரு கடிதத்திலும் சேர்வர் இடும் மின் முத்திரை. கடிதத்தை இடையில் யாராவது மாற்றினால் முத்திரை பொருந்தாது. டீமார்க் என்பது, இவற்றில் ஒன்றிலேனும் தேறாத கடிதம் உங்கள் பெயரில் வந்தால் அதனை என்ன செய்ய வேண்டும் என்று பெறுநரின் சேர்வருக்கு நீங்கள் கொடுக்கும் அறிவுறுத்தல். கவனித்து மட்டும் வை, குப்பையில் போடு, ஏற்காதே என மூன்று படிகள் அதில் உண்டு. மெயில் இன் எ பொக்ஸ் இம்மூன்றையும் தயாரித்தே தருகின்றது.

2024 பெப்ரவரி முதல் கூகுள், யாஹூ ஆகிய இரு நிறுவனங்களும் இந்த விதிகளைக் கடுமையாக்கின. தமது பெட்டிகளுக்குக் கடிதம் அனுப்பும் எவரும் முதலிரண்டில் ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும். ஜிமெயில் பெட்டிகளுக்கு ஒரு நாளில் 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புவோர் மூன்றையும் வைத்திருக்க வேண்டும். சிறிய கடையாயினும் மூன்றையும் வைத்திருப்பதே பாதுகாப்பு.

இதில் உங்கள் பணமும் சம்பந்தப்பட்டிருக்கின்றது. யாரோ ஒருவன் உங்கள் கடைப் பெயரில் வாடிக்கையாளருக்கு, "எமது வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்கில் பணம் போடுங்கள்" என்று எழுதினால் என்ன ஆகும்? இத்தகைய மோசடிகள் உலகெங்கும் நடக்கின்றன. டீமார்க் சரியாக இருந்தால், உங்கள் சரியான முகவரியைப் பொய்யாகப் போட்டு அனுப்பும் கடிதங்கள் பெரும்பாலும் தடுக்கப்படும். எனினும் ஓரெழுத்து மாறிய போலிப் பெயரை அது தடுக்காது. களவு போன கடவுச்சொல்லையும் தடுக்காது. ஆகவே, வங்கிக் கணக்கு மாற்றத்தை மின்னஞ்சலில் மாத்திரம் நம்ப வேண்டாம், தொலைபேசியில் அழைத்து உறுதி செய்யுங்கள் என்று வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

புதிய ஐ.பி. இலக்கத்துக்கு நற்பெயர் மெதுவாகவே வரும். முதல் வாரங்களில் தெரிந்தவர்களுக்கு மட்டும், வழமையான கடிதங்களை அனுப்புங்கள். புதுச் சேர்வர் வந்த சந்தோசத்தில் நூற்றுக்கணக்கானோருக்கு பெருநாள் விற்பனை விளம்பரம் அனுப்பினால், முதல் நாளே கறுப்புப் பட்டியலில் விழ நேரிடும். உங்களுக்கு முன்னர் அந்த இலக்கத்தை வாடகைக்கு வைத்திருந்தவர் செய்த குற்றத்துக்காகவும் நீங்கள் பட்டியலில் இருக்கக் கூடும். சேர்வரின் பரிசோதனைப் பட்டியலில் அதனையும் பார்த்துக் கொள்ளலாம்.

வைத்துப் பராமரிப்பது

நிறுவுவது ஒரு நாள் வேலை. பராமரிப்பது ஒவ்வொரு மாதமும் வரும் வேலை. சேர்வர் தன் நிலையைப் பற்றி உங்களுக்கு எழுதும் கடிதங்களை வாசியுங்கள். புதுப்பிப்புகளைத் தள்ளிப் போடாதீர்கள். பூட்டில் ஓட்டை இருப்பது ஊருக்குத் தெரிந்த பிறகு பூட்டை மாற்றாமல் இருப்பது எவ்வளவு ஆபத்து! கடவுச்சொற்களை நீளமாக வையுங்கள். நிர்வாகப் பக்கத்துக்கு, தொலைபேசியில் வரும் இரண்டாவது இலக்கத்தையும் கேட்கும் இரட்டைப் பூட்டைப் போடுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது மாற்றுப் பிரதி. மெயில் இன் எ பொக்ஸ் ஒவ்வோர் இரவும் கடிதங்களை மறைகுறியாக்கிப் பிரதி எடுக்கின்றது. ஆனால் அதே கணினியில் கிடக்கும் பிரதி, வீடு தீப்பிடித்தால் வீட்டோடு எரியும் உறுதிப் பத்திரம் போன்றது. வேறொரு இடத்துக்கும் அது போக ஏற்பாடு செய்யுங்கள். அந்தப் பிரதியைத் திறப்பதற்கு ஒரு இரகசியச் சாவிக் கோப்பு உண்டு. அதனையும் தனியே எடுத்து வேறிடத்தில் வையுங்கள். சாவி இல்லாமல் பிரதி இருந்தும் பயனில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது ஒரு பழைய கடிதத்தைப் பிரதியிலிருந்து மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பிரதியை நம்பக் கூடாது.

இவ்வளவு அக்கறை எதற்கு? பெட்டியில் இருப்பவை உங்களுடைய விடயங்கள் மட்டுமல்ல. ஒரு பெண் உங்களை நம்பித் தன் உடை அளவுகளையும், வீட்டு முகவரியையும், தொலைபேசி இலக்கத்தையும் எழுதி அனுப்பியிருக்கிறாள். அது உங்களிடம் இருக்கும் அமானிதம். இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பிறரது விபரங்களைக் கையாள்வோருக்குரிய கடமைகளை வகுத்திருக்கின்றது. கதவு திறந்து கிடந்ததென்று பிறகு சொல்லிப் பயனில்லை.

யாருக்கு வேண்டாம்?

உள்ளதைச் சொல்ல வேண்டும். வீட்டில் ஒருவருக்கும் இதில் ஆர்வமில்லை, மாதத்தில் ஓரிரு மணித்தியாலம் ஒதுக்க முடியாது, ஒரு நாள் கடிதம் நின்றாலும் வியாபாரம் நின்றுவிடும் என்றால் சொந்தச் சேர்வர் வேண்டாம். டொமைன் பெயரை உங்கள் பெயரில் பதிந்து கொண்டு, மின்னஞ்சலைக் கட்டணம் பெறும் ஒரு நிறுவனத்திடம் ஒப்படையுங்கள். அதில் குறைவொன்றும் இல்லை. பெயர் உங்களிடம் இருக்கும் வரை வழி திறந்தே இருக்கும்.

பல பேருக்கு முகவரி தேவைப்படும் கடை, ஆளுக்கு ஆள் மாதக் கட்டணம் கட்டிச் சலித்த நிறுவனம், வாடிக்கையாளர் விபரங்களைத் தன் கண்காணிப்பிலேயே வைக்க விரும்பும் குடும்பம், கணினி படிக்கும் மகனோ மகளோ உள்ள வீடு, இவற்றுக்குச் சொந்தச் சேர்வர் நல்ல முயற்சி. அவர்களும் உடனே கடையின் பிரதான முகவரியை மாற்ற வேண்டாம். தையல் பழகும்போது விலையுயர்ந்த துணியிலா முதல் வெட்டு வெட்டுகிறோம்? வேறொரு சிறிய டொமைன் பெயரை எடுத்து மூன்று மாதம் நடத்திப் பாருங்கள். கடிதங்கள் குப்பையில் விழாமல் போகின்றனவா, பிரதி மீள்கின்றதா, நீங்கள் ஊரில் இல்லாத வாரத்தில் இன்னொருவர் சமாளிக்கிறாரா என்று பாருங்கள். எல்லாம் சரியென்றால் பழைய கடிதங்களை ஐமேப்சிங்க் போன்ற கருவியால் புதிய பெட்டிக்குப் பிரதி செய்து, பிறகு முகவரியைத் திருப்புங்கள்.

ஒரு கொப்பி

எந்த வழியைத் தெரிவு செய்தாலும் இன்றே செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு. ஒரு கொப்பியை எடுங்கள். டொமைன் பெயர் எங்கே பதியப்பட்டது, எந்தத் திகதியில் காலாவதியாகும், சேர்வர் வாடகை யாருடைய கடனட்டையில் போகிறது, மீட்பதற்குரிய தொலைபேசி இலக்கம் எது, மாற்றுப் பிரதி எங்கே இருக்கிறது, அதன் சாவி எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள். கடவுச்சொற்களை வேறொரு தாளில் எழுதி உறையிலிட்டு ஒட்டுங்கள். காணி உறுதி இருக்கும் அலுமாரியிலேயே இரண்டையும் வையுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் இடத்தைக் காட்டுங்கள்.

ஆரம்பத்தில் சொன்ன அந்தத் தாயும் மகளும் கட்டாருக்குப் பேசினார்கள் என்று வைத்துக் கொள்வோம். மருமகன் வருத்தப்படுகிறார், ஆனால் அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஐந்து வருடக் கடிதங்கள் போனவை போனவைதான். வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பேசி, அளவுகளை மீண்டும் கேட்டு எழுதுகிறார்கள். இம்முறை கடையின் சொந்தப் பெயரில் முகவரி பதிகிறார்கள்.

"இதுக்கு யார்ட நம்பர் கொடுக்கிறது உம்மா?"

"என்ட நம்பரைக் கொடுங்க மகள். கொப்பியிலயும் எழுதி வைங்க."